பின்பக்கப் பகைவனை வேட்டையாடிய படலம்

வாழ்க அவன்! விளையாட்டரங்கின் கிழக்கு வாயில் காத்த கோமகன், ஒற்றை விசிலால் ஓராயிரம் வாகனங்களை ஒடுக்கிய அருந்திறலோன், இஸ்திரி மடிப்புக் குலையாச் சீருடையான், சகாக்களால் ‘ஆன்டெனா’ என்று பாதி அன்போடும் பாதி கேலியோடும் அழைக்கப்பட்ட காவல் வீரன் வாழ்க! சொல்லுக்கு அரசியே, அவன் போர்க்கதையைச் சிரிக்காமல் சொல்லி முடிக்கும் திராணியை இந்த ஏழை நாவுக்கு அருள்வாயாக!

அவன் கரத்தில் விளங்கியது ரிசீவர் என்னும் வியன்கருவி. அக்கம்பக்கத்தில் திருட்டு டிரோன் ஒன்று உயிர்பெற்றால் போதும். அதன் சிக்னலை மோப்பம் பிடித்துக் கீச்சிடும், பகைவன் நிற்கும் திசையை அம்புக்குறியால் காட்டும். அந்தக் கருவிக்குத்தான் அன்று பட்டத்துரிமைப் போட்டி.

“இன்னிக்கு ஒழுங்கா பாத்தா அது உன் கையில. சொதப்புனா உன் மச்சான் கையில” என்று மேலாளர் ஆணையிட்டிருந்தார்.

மச்சானோ மனைவியின் தம்பி. நம் வீரனே கையைக் காலைப் பிடித்து அவனுக்கு வேலை வாங்கித் தந்திருந்தான். வளர்த்த கடா மார்பில் பாய்வதா என்று வீரனின் உள்ளம் உலையாய்க் கொதித்தது. போதாக்குறைக்கு, கண்ட்ரோல் ரூமில் கேமராத் திரைகளின் முன் வீற்றிருந்தவள் அவன் இல்லத்தரசி. தோற்றால் வீட்டில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆகவே அவன் வழக்கப்படி உள்ளங்கையளவுச் சோதனை டிரோனை முடுக்கி, கருவி கீச்சிடக் கேட்டுப் பூரித்து, காது வலிக்கிறதென்று அதன் ஒலியை அடக்கி, டிரோனைத் தோள்பையில் இட்டு ஜிப்பை மூடி, பையை முதுகில் மாட்டி, நெஞ்சு நிமிர்த்திக் களம் புகுந்தான். ஆட்டம் தொடங்கியதும் ஒலியைத் திறந்தான்.

கீச்! கீச்! கீச்!

அம்புக்குறி பின்னால் காட்டியது. திரும்பினான், மீண்டும் பின்னால். பாய்ந்து திரும்பினான், அப்போதும் பின்னால்! அடடா, என்ன மாயப்பகை இது! எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினான், புல்தரை அதிர ஓடினான், பந்தைத் தாண்டி, பந்தின் பின்னால் வந்தவரைத் தாண்டி, தொப்பி ஒருபுறம் பறக்க ஓடினான்; ஓடிய இடமெல்லாம் அந்தப் பாதகன் முதுகுப்புறமே நின்றான்.

“ஆட்டத்த நிறுத்துங்க! டிரோன் வந்திருச்சு! என் பின்னாடியே நிக்குது!” என்று வாக்கிடாக்கியில் முழங்கினான்.

ஆட்டம் நின்றது. நடுவர் அண்ணாந்தார், அரங்கமே அண்ணாந்தது. வானில் ஒரு காக்கை மட்டும் பறந்தது. இத்தனை கண்களைக் கண்டு அதுவும் கூச்சப்பட்டு ஒதுங்கியது. கீழேயோ நம் கோமகன் கருவியை ஏந்தி, பகைவனை நேருக்கு நேர் காணும் வெறியில், சுழன்றான், சுழன்றான், அரங்கமும் ஆகாயமும் தன்னைச் சுற்றிக் கூத்தாடச் சுழன்றான்.

அப்போது எல்லோருடைய வாக்கிடாக்கியிலும் அவள் குரல் எழுந்தது.

“என்னங்க, எதுக்கு நடு மைதானத்துல தட்டாமாலை சுத்துறீங்க? டெஸ்ட் பண்ணுன டிரோன்ல பேட்டரிய கழட்டுனீங்களா, இல்லையா?”

வீரன் நின்றான், தலை மட்டும் நிற்கவில்லை. தள்ளாடியபடி பையை இறக்கி ஜிப்பைத் திறந்தான். உள்ளே பச்சை விளக்கு அவனைப் பார்த்துக் கண் சிமிட்டியது. வெட்கத்தில் அவன் காதுமடல் வரை எரிந்தது. மச்சான் ஓடிவந்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, பறந்துபோன தொப்பியை நீட்டினான்.

மறுநாள் மச்சான் ரிசீவரோடு மைதானத்துக்குள் போனான், இவன் பார்க்கிங்கில் டோக்கன் கிழித்தான்.