மூன்று வீட்டுக்கு ஒரு மூக்கு

"எட்டுத்தான் இருக்கு. திருப்பித் திருப்பி எண்ணுனா ஒம்பதாயிருமா?" என்று புருசனிடம் கேட்டாள் இராஜகுமாரி.

துரைராசா அதற்குப் பிறகும் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். றொசல்ல ரயில் ஸ்டேசனுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கீழ்க்கணக்கு என்கிற பிரிவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், இருபத்துநாலு காம்பரா; இருபத்துநாலு குடும்பம். கொரோனா இருக்கிறதா இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள அரசாங்கம் இலவசமாக அனுப்பியிருந்த சோதனைப் பொட்டலம் எட்டு.

காலையில் தோட்டத்து ஆபீசிலிருந்து கிளாக்கர் போன் போட்டிருந்தார். "தலைவரே, ஒங்க கணக்குக்கு வந்த பெட்டி கொழுந்து நிறுக்கிற மடுவத்துல இருக்கு. எடுத்துட்டுப் போயி சண்டை சச்சரவு இல்லாம நீங்களே பங்கு வச்சிருங்க." அவ்வளவுதான். மறுபேச்சுக்கு இடமில்லாமல் போனை வைத்துவிட்டார்.

துரைராசா தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். குழாயில் தண்ணீர் நின்றாலும், கூரைத் தகரம் பறந்தாலும், புருசனும் பெண்சாதியும் அடித்துக்கொண்டாலும் லயத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இதுவரை பங்கு வைத்ததிலேயே சிக்கலானது திருவிழா ஆட்டுக்கறி. கறியிலாவது எலும்பைப் போட்டுச் சரிக்கட்டலாம். இதில் எதைப் போடுவது?

மேற்கணக்கில் ஏற்கெனவே நோய் கண்ட ஆட்களைத் தனிமை முகாமுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கீழ்க்கணக்கைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை.

"சீட்டுக் குலுக்கிப் போடுவோம்" என்றார் துரைராசா. "மாரியாத்தா யாருக்குக் குடுக்கிறாளோ அவங்களுக்கு."

எல்லாரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்து, கடை மூடியதும் ஊர் திரும்பியிருந்த பிரேமினி கண்ணை மூடிக்கொண்டு முதல் சீட்டை எடுத்துப் படித்தாள்.

"துரைராசா."

எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுத்தத எடு, அடுத்தத எடு" என்று துரைராசா அவசரப்படுத்தினார்.

அடுத்த சீட்டு வினோஜன். இராஜகுமாரியின் உடன்பிறந்த தம்பி.

"மூணாவதையும் எடும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தலைவரோட மாமியா வீட்டுக்கு வருதான்னு பாப்பம்."

சொன்னவர் சோலைமலை. துரைராசாவுக்கு அடுத்த காம்பரா. இரண்டு பேரும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். துரைராசா தலைவரான மறுநாளே சோலைமலை எதிர்ச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். அதில் அவருக்கு என்ன பிடித்தது என்று கேட்டால், அதில் துரைராசா இல்லை என்பதுதான் பிடித்தது.

துரைராசா சீட்டுகளைக் கிழித்துப் போட்டார். "சரி. சீட்டு வேணாம். நியாயமாவே செய்வோம். யாருக்கு இருமல் இருக்கோ அவங்களுக்கு மொதல்ல."

சொல்லி வாயை மூடவில்லை, லயமே இருமத் தொடங்கியது. இத்தனை நாளும் தொண்டை கரகரத்தால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எங்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து கிடந்தவர்கள், இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் மிஞ்சி இருமினார்கள். வினோஜன் இருமிய இருமலில் நாய் எழுந்து ஓடிற்று.

இருமாமல் நின்றது ஒரே ஆள், சோலைமலை. உண்மையிலேயே இருமல் இருந்ததும் அவருக்குத்தான். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற துரைராசாவுக்கு அது நன்றாகத் தெரியும். சோலைமலை உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, நிமிர்ந்து நின்றார்.

"மச்சான், ஒனக்குத்தானே..." என்று துரைராசா ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. இருமிக் காட்டிப் பிச்சை வாங்குற பொழப்பு என் வம்சத்துலயே இல்ல."

கடைசியில் மூன்று வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று முடிவாயிற்று. கணக்குச் சரியாக வந்தது. துரைராசா பெருமூச்சு விட்டார். ஆனால் அந்த ஒரு பொட்டலத்தை மூன்று வீட்டில் யார் வீட்டில் வைப்பது?

"யாரு கையில குடுத்தாலும் கதவைச் சாத்திக்கிட்டு அவன் மட்டும் பாத்துக்குவான்" என்றார் சோலைமலை. "பிரிச்சுக் குடுங்க. உள்ளுக்குள்ள மூணு சாமான்தானே இருக்கு? குச்சி ஒரு வீட்டுல, மருந்துத் தண்ணி ஒரு வீட்டுல, தட்டு ஒரு வீட்டுல. மூணும் ஒண்ணாச் சேந்தாத்தான் வேலை நடக்கும். எவனும் ஏமாத்த முடியாது."

"ஐயோ மாமா, அப்படிப் பிரிக்கக் கூடாது!" என்று பிரேமினி தலையில் கை வைத்தாள். உள்ளே இருந்த தாளில் சிங்களமும் இங்கிலீசும் மட்டும்தான் இருந்தன. படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. ஒருத்தி பேச்சு இருபத்துநாலு வீட்டுக்கு முன்னால் எடுபடவில்லை. சோலைமலை சொன்னதற்கு எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்கு யாராவது கை தட்டி அன்றுதான் துரைராசா பார்த்தார்.

பொழுது சாய்வதற்குள் கீழ்க்கணக்கில் ஒவ்வொரு வீட்டிலும் அரசாங்கச் சோதனையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. யாருக்கும் குறையில்லை. யாருக்கும் பிரயோசனமும் இல்லை.

இரண்டு நாளாயிற்று. யாரும் தங்கள் பங்கை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகத் தயாரில்லை. குச்சி வைத்திருந்த ஒருவர் காது குடையப் போனதாகவும், பெண்சாதி பிடுங்கி அடுக்குக்கு மேலே வைத்ததாகவும் பேச்சு அடிபட்டது. மருந்துத் தண்ணீர் கிடைத்த வீடுகளில் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினார்கள்.

துரைராசா பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம எல்லாரும் அவங்கவங்க சாமானோட கோயில் முன்னுக்கு வாங்க. அத்தனை பேருக்கு முன்னால செஞ்சு முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

அத்தனை பேரும் வந்தார்கள். இத்தனை நாளும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படாமல் கயிற்றுக்குள் அடைந்து கிடந்த லயம், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கோயில் கொட்டகைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. மூக்கைக் காட்ட வேண்டுமே என்று முகக்கவசத்தை எல்லாரும் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார்கள்.

"குச்சி ஒண்ணுதான், மூக்கும் ஒண்ணுதான். ஒரு ஆளுக்குத்தான் பாக்கலாம்" என்றாள் பிரேமினி.

"பரவால்ல. மூணு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே கக்கூசு. ஒருத்தருக்கு இருந்தா எல்லாருக்கும் இருக்கும். ஒரு மூக்கு போதும்" என்றார் துரைராசா.

அவர் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. நோய் இருக்கிறது என்று வந்தால் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் மூன்று வீட்டுக்கும் பெயர் கிடையாது, வேலை கிடையாது. அதனால் ஒவ்வொரு மூன்று வீடும் கூடிப் பேசி, தங்களில் யார் கல்லு மாதிரி இருக்கிறார்களோ அவர்களையே முன்னால் தள்ளிவிட்டது. வினோஜனின் மூன்று வீட்டுக்கு வினோஜனே வந்தான். அன்றைக்கு நாயை விரட்டிய இருமல் போன இடம் தெரியவில்லை.

துரைராசா அதைக் கவனித்தார். தன்னுடைய மூன்று வீடாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். அவருடைய வீடு, சோலைமலையின் வீடு, பிரேமினியின் வீடு.

"எங்க மூணு வீட்டுக்கும் சோலைமலைக்குத்தான் பாக்கணும்."

சோலைமலைக்கு முகம் சிவந்தது. "ஏன்? என் மூக்குதான் ஒனக்கு எளக்காரமாப் போச்சா?"

"நீ இருமுறது செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்குது மச்சான். எங்களுக்கும் தூக்கமில்ல."

"என்னைய வண்டியில ஏத்தி விட்டுட்டு, நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்குறியா?"

சோலைமலையின் மனைவி அழகம்மா அவர் கையைப் பிடித்தாள். "பாத்துக்கிட்டாத்தான் என்னங்க? எனக்காகப் பாருங்க."

சோலைமலை சுற்றிலும் பார்த்தார். "சரி. ஆனா தலைவர்தான் செய்யணும். அவரு கையாலயே செய்யட்டும். எல்லாரும் பாருங்க."

பிரேமினி தாளைப் பார்த்துப் படிக்கப் படிக்க, துரைராசா குச்சியைச் சோலைமலையின் மூக்குக்குள் விட்டார். சோலைமலை அவர் முகத்திலேயே தும்மினார். கொட்டகை சிரித்தது. துரைராசா முகத்தைத் துடைத்துக்கொண்டு, குச்சியைத் தண்ணீரில் கலக்கி, தட்டில் சொட்டு விட்டார்.

ஒரு கோடு வந்தது. இன்னொரு கோட்டுக்காக எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வரவில்லை.

"ஒரு கோடுன்னா?" என்று கேட்டார் துரைராசா.

"இல்லைன்னு அர்த்தம் மாமா" என்றாள் பிரேமினி. அவளுக்கே நம்ப முடியவில்லை. "அப்படித்தான் போட்டிருக்கு."

 இத்தனை நேரமும் தான் இவ்வளவு பயந்திருந்தது அப்போதுதான் துரைராசாவுக்கே தெரிந்தது. "ஒனக்கு ஒண்ணும் இல்ல மச்சான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நான் சொல்றேன், ஒண்ணும் இல்ல!"

"ஆசப்பட்டீங்க தலைவரே, நடக்கல" என்று சொல்லிவிட்டு, சோலைமலை தட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எட்டுத் தட்டிலும் ஒரே கோடுதான். கயிற்றை அவிழ்த்து எறிந்தார்கள். கோயிலில் பொங்கல் வைத்தார்கள். துரைராசா ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னதும் கிளாக்கர், "ரொம்ப நல்லது தலைவரே, நாளைக்கு எல்லாரையும் பெரட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கிழமை முடியுமுன்னேயே சோலைமலைக்குப் படி ஏற முடியவில்லை. மலைக்குப் போகிற பாதையில் நாலடிக்கு ஒரு தரம் தேயிலைச் செடியின் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆசுபத்திரிக்குப் போவோம் மச்சான். நான் கூட வர்றேன்."

சோலைமலை சட்டைப் பையிலிருந்து தட்டை எடுத்துக் காட்டினார். அதைத்தான் எல்லாரிடமும் காட்டினார். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவும் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப இது சளிதான்" என்று பாணி மருந்தும் பெனடோல் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். துரைராசா அம்புலன்சுக்கு அடிக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, தன் கையாலேயே பார்த்தோமே, தன் வாயாலேயே சொன்னோமே என்று கீழே வைத்தார். மறுநாளும் எடுத்தார். மறுநாளும் வைத்தார்.

அதற்கடுத்த நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கவில்லை. துரைராசா கையால் சுவரைத் தட்டினார். அழகம்மாதான் அலறினாள்.

கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்கள். கொழுந்து லொறிதான் கிடைத்தது. பச்சைக் கொழுந்து மூட்டைக்கு நடுவில் சோலைமலையின் தலையைத் துரைராசா மடியில் வைத்துக்கொண்டார். சோலைமலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது. ஹட்டன் டவுனுக்குள் லொறி இறங்கும்போது அதுவும் இல்லை.

ஆசுபத்திரியில் பார்த்துச் சொன்னார்கள், கொரோனாதான் என்று. உடம்பைக் கொடுக்கவில்லை. சாவுக்குத் தப்பு அடிக்கவில்லை, பாடைக்குத் தேர் கட்டவில்லை. எங்கே எரித்தார்கள் என்றுகூட அழகம்மாவுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் சுகாதார வேன் வந்தது. லயத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். முதலில் அழகம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒரு பையில் இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்தவள், வேன் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் கையில் அந்தத் தட்டு இருந்தது.

"அண்ணே, நீங்கதானே பாத்தீங்க? இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

துரைராசா தட்டை வாங்கிக்கொண்டார். ஒரே கோடு, இன்னமும் அழியாமல் இருந்தது. அழகம்மா வேனுக்குள் ஏறி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

யாரிடமாவது கேட்டால் தேவலை போலிருந்தது அவருக்கு. வேன் ஓட்டிவந்த கிஷாந்த் இறம்பொடைப் பக்கத்து ஆள், தமிழ் பேசுகிறவன். துரைராசா அவனிடம் தட்டை நீட்டினார்.

"தம்பி, ஒரு கோடுதான் வந்துச்சு. நாங்க ஒண்ணும் தப்பாச் செய்யல. இருந்த எட்டுப் பொட்டலத்தையும் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாமத்தான் பங்கு வச்சோம்..."

கிஷாந்த் கையுறை போட்ட விரலால் தட்டைத் திருப்பிப் பார்த்தான். பிறகு துரைராசாவைப் பார்த்தான்.

"இதுலயா பாத்தீங்க? இது எப்படிச் செய்யிறதுன்னு காட்டிக் குடுக்கிறதுக்காக அனுப்புன, தேதி முடிஞ்ச சாமானுண்ணே. நல்லதெல்லாம் இந்தப் பெட்டி வந்த அன்னைக்கே நாந்தான் மேனேஜர் பங்களாவுல எறக்கிட்டுப் போனேன், யாரோ பெரிய ஐயா வந்து கையால குடுத்துப் போட்டோ எடுக்கணுமாம், இன்னமும் அங்கதான் அடுக்கி வச்சிருக்காங்க. மூணு வீட்டுக்கு ஒண்ணு இல்லண்ணே, ஆளுக்கு ஒண்ணு."