பரங்கிக்காய்க்கு ஒரு மைலேஜ் வண்டி

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் மேவிஸ்.

கையெழுத்துப் போடக் குனிந்த ஆர்லனின் பேனா அந்தரத்தில் நின்றது. ட்ரெய்லர் கடைக்கார டுவேன் முகத்தில் இருந்த சிரிப்பும் கூடவே நின்றது.

"கேளு" என்றார் ஆர்லன்.

"இந்தப் பெட்டி நம்ம பிக்கப் வண்டிக் கூரையைவிட ஒரு முழம் உசரமா இருக்கே. அந்த ஒரு முழத்துல காத்து வந்து மோதாதா?"

ஆர்லன் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, சுவர் மாதிரி தட்டையான முகத்தோடு நின்றது ட்ரெய்லர். மினசோட்டாவின் தென்மேற்கு மூலையில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது. சோளக் காட்டைத் தாண்டி வந்து எதன் மேலாவது மோதுவதுதான் அதன் பிழைப்பு.

"மோதும்" என்றார் கம்மிய குரலில்.

"மோதினா பெட்ரோல்?"

பேனா மூடிக்கொண்டது.

ஆர்லன் ஆயுள் முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெட்ரோல் முள் இறங்கினால் அவருக்கு நாடித் துடிப்பும் இறங்கும். அப்படிப்பட்டவர் இப்போது மூடிய ட்ரெய்லர் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம், வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் சலவைத் தொட்டி அளவுக்கு வளர்ந்து கிடந்த ஒரு பரங்கிக்காய்.

அக்டோபரில் க்ளியர் ஃபோர்க் ஊரில் ராட்சசப் பரங்கிப் போட்டி. எவருடையது அதிக எடையோ அவருக்கு ஆரஞ்சு நிற ஜாக்கெட், முதுகில் பெயர் தைத்து. போன வருஷம் அதை வாங்கியவன் மேவிஸின் தம்பி லைல். ஜூலை வெயிலிலும் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் சர்ச்சுக்கு வருவான். வியர்வை ஆறாக ஓடும். கழற்ற மாட்டான்.

"என்ன மச்சான், இந்த வருஷம் உங்க பரங்கி எந்தத் தேதியில வெடிக்குது? சொன்னீங்கன்னா நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன்" என்பான்.

கேட்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு. மூன்று வருஷமாக ஆகஸ்ட் பிறந்தால் ஆர்லனின் பரங்கி வெடித்துவிடும். முதல் வருஷம் அதன் வேரில் பால் ஊற்றினார். அடுத்த வருஷம் மீன் கரைசல். அதற்கடுத்த வருஷம் இரண்டும் சேர்த்து, கூடவே லைல் மிச்சம் வைத்த பீரும். வெடித்ததற்குக் காரணம் மினசோட்டா வெயில்தான் என்பது அவருடைய முடிவான கருத்து.

இந்த வருஷம் ஜூலை மாதம் ஒரு நாள் காலையில் காபிக் கோப்பைக்கு அடியில் டுவேன் கடை நோட்டீஸ் இருந்தது.

"திறந்த வண்டியில ஏத்திட்டுப் போனா காத்துல ஈரம் வத்தி பரங்கி எடை குறையுமாம்" என்றாள் மேவிஸ். "மூடின ட்ரெய்லர் ஒண்ணு இருந்தா ஜாக்கெட் நமக்குத்தான்."

வாளியில் மீன் கரைசல் கலக்கிக்கொண்டிருந்த ஆர்லன் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டீஸை எடுத்தார். அன்று பிடித்தது ட்ரெய்லர் பைத்தியம்.

முதல் ட்ரெய்லர் உயரத்தால் போயிற்று. அடுத்த வாரமே டுவேன் போன் செய்தான்.

"அண்ணே, கூர்மூக்கு ட்ரெய்லர் ஒண்ணு வந்திருக்கு. காத்தை வெண்ணெய் மாதிரி வெட்டிட்டுப் போகும்."

"வெட்டுமா வெட்டாதான்னு பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

"தாராளமாப் பாருங்க. ஒரு வாரம்கூட வச்சு ஓட்டுங்க. உங்களுக்கில்லாததா?"

இவ்வளவு தாராளமான வியாபாரியை ஆர்லன் பார்த்ததில்லை. மேவிஸிடம் கம்பளி நூல் கேட்டார். அவள் குல்லா பின்னிக்கொண்டிருந்த ஆரஞ்சு நூலைப் பந்தோடு கொடுத்தாள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து சாண் சாணாக வெட்டி, ட்ரெய்லரின் மேலெல்லாம் ஒட்டினார். காற்று ஒழுங்காகப் போனால் நூல் படிந்து கிடக்கும், சுழன்றால் நூல் ஆடும் என்பது கணக்கு. பின்னால் வந்து பார்க்க லைலைக் காரோடு பிடித்துப் போட்டார்.

பத்து மைல் போவதற்குள் போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றியது.

"ஏன் சார்," என்றாள் ட்ரெய்லரைச் சுற்றி வந்த பெண் போலீஸ், "இதுக்கு எப்பலேருந்து முடி முளைக்குது?"

"அது காத்துப் பரிசோதனைம்மா."

"பின்னாடி ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் ஜன்னல் வழியா இடுப்பு வரைக்கும் வெளிய தொங்கிட்டு வராரே?"

"அவன் என் மச்சினன். அவன்தான் ஆய்வாளர்."

அபராதச் சீட்டு லைல் பேருக்கு வந்தது. ஆய்வு முடிவு சாப்பாட்டு மேஜையில் வெளியானது.

"முன்னாடி ஒட்டின நூலெல்லாம் படிஞ்சு கெடந்துச்சு மச்சான். பின்னாடி ஒட்டினது கல்யாண வீட்டுல குடிச்சவன் மாதிரி ஆடுச்சு."

மேவிஸ் தட்டில், உருளைக்கிழங்கும் கறியும் போட்டு அடுப்பில் சுட்ட ஹாட்டிஷை வைத்துக்கொண்டே, "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

ஆர்லன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூக்கு கத்தி மாதிரி இருக்கு, சரி. முதுகு சப்பையா இருக்கே. காத்து அங்க போய் உக்காந்துக்கிட்டு வண்டியைப் பின்னால இழுக்காதா?"

"இவளை ராக்கெட் விடற ஆபீசுல சேத்திருக்கணும்" என்று லைல் முணுமுணுத்தான்.

கூர்மூக்கு திரும்பிப் போனது. அதன் பிறகு ஆர்லன் வீட்டில் தங்குவதே அபூர்வமாகிவிட்டது. "அயோவா எல்லையில ஒரு கடை இருக்கு, முனையெல்லாம் உருட்டின மாதிரி ட்ரெய்லராம்" என்பான் டுவேன். போவார். "தெற்கு டகோட்டாவுல ஒருத்தர் பழசு விக்கிறார், சக்கரம் சின்னது, தரையோட தரையா இருக்குமாம்" என்பான். அதற்கும் போவார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ட்ரெய்லரைத் தேடி அவர் எரித்த பெட்ரோலில் அந்தப் பரங்கியைக் கனடா வரை கொண்டுபோய்த் திரும்பியிருக்கலாம். இதை அவரிடம் சொல்ல லைலுக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா மேஜைக்கு அடியில் காலை மிதித்தாள்.

பொழுது சாயும்போது களைத்துப்போய் வந்து நாற்காலியில் விழுவார்.

"பரங்கி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மீன் கரைசல் ஊத்தினியா?"

"அதெல்லாம் ஆச்சு. நீங்க கணக்கைப் பாருங்க. அந்தக் குட்டை ட்ரெய்லர் கேலனுக்கு எத்தனை மைல்னு சொன்னீங்க?"

அவர் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பிப்பார். சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவார்.

செப்டம்பர் தொடக்கத்தில் கனவு ட்ரெய்லர் கிடைத்தது. எங்கும் இல்லை, டுவேன் கடையிலேயே, கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. பிக்கப்பின் கூரைக்குச் சரிமட்டமான உயரம். பிக்கப்பைவிடக் கொஞ்சம் ஒடுக்கம். முனைகளெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி வழுவழு. பிக்கப்பின் நிழலிலேயே ஒளிந்துகொண்டு வந்தது. ஆர்லன் அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். லாரிகள், கார்கள், கடைசியாக ஒரு டிராக்டரும் அவரைத் தாண்டிப் போயின. கிடைத்த மைலேஜைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

பேனாவைத் திறந்துவிட்டு மேவிஸைப் பார்த்தார். டுவேனும் பார்த்தான்.

"நான் ஒண்ணும் கேக்கலை" என்றாள் அவள். "அழகா இருக்கு."

கையெழுத்து விழுந்தது. அன்று மாலை ட்ரெய்லரை வீட்டில் நிறுத்திவிட்டு ஆர்லன் அளவு டேப்போடு தோட்டத்துக்குப் போனார். எத்தனை வாரம் கழித்து என்று அவருக்கே தெரியவில்லை. வேலியோரம் யாரோ ஒரு காரைப் படுதா போட்டு மூடி நிறுத்தியிருந்தார்கள். யார் கார் என்று படுதாவைத் தூக்கினார்.

பரங்கிக்காய்.

சந்தோஷத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு டேப்பை எடுத்து அளந்தார். ட்ரெய்லர் கதவை ஓடிப்போய் அளந்தார். திரும்ப வந்து பரங்கியை அளந்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சாண் இடிக்குது மேவிஸ்."

"அய்யோ."

"தண்ணியை நிறுத்திடலாமா? இல்ல, நானே இனிமே பக்கத்துல இருந்து பாத்து..."

மேவிஸ் வேகமாக எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? ட்ரெய்லரோட கதவைச் சட்டத்தோட கழட்டிட்டா?"

ஆர்லன் முகம் மலர்ந்தது. மறுநாள் காலையிலேயே தன் வீட்டுக் கொட்டகைக்குள் போனவர் கதவையும் சட்டத்தையும் பெயர்த்தார். ஓட்டிப் பார்த்தால் ட்ரெய்லர் வாயைத் திறந்துகொண்டு காற்றைக் குடித்தது. மைலேஜ் சரிந்தது. அதற்கு மருந்தாக, பலகையும் கித்தானும் வைத்துப் பின்னால் கூம்பாக ஒரு வால் கட்டினார். வால் பின்விளக்கை மறைத்தது.

அதே பெண் போலீஸ் வந்தாள்.

"முடி போய் இப்ப வாலா?" என்றாள். இந்தத் தடவை சீட்டு ஆர்லன் பேருக்கே.

வாலைக் குட்டையாக்கினார். அது படபடவென்று அடித்துக்கொண்டதில் வழியில் மேய்ந்த மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின. வாலைக் கழற்றிவிட்டு, விளக்குகளை வெளியே நகர்த்தி, மறுபடி வாலைக் கட்டினார். அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது.

போட்டி நாள் விடியற்காலை லைல் தன் டிராக்டரோடு வந்தான், ஜாக்கெட் சகிதம். பரங்கியைப் பட்டைகளில் கட்டித் தூக்கினார்கள். அது ஆரஞ்சு நிலா மாதிரி மேலே எழுந்தது. மெல்ல ட்ரெய்லரின் வாயருகே கொண்டுவந்தார்கள்.

நுழையவில்லை. செப்டம்பரில் ஒரு சாண் இடித்தது. இப்போது கதவே இல்லாமல் ஒரு முழம் இடித்தது.

பரங்கி பட்டைகளில் லேசாக ஆடியது.

"மச்சான்," என்றான் லைல், "என் வைக்கோல் வண்டியில என் பரங்கிக்குப் பக்கத்துல இடம் இருக்கு."

"திறந்த வண்டியா!" ஆர்லனின் குரல் உடைந்தது. "காத்துல வத்திடுமே! இதுக்காகவா மூணு மாசம் நாய் படாத பாடு பட்டேன்?"

"ஈர ஜமக்காளம் போட்டு மூடிடலாம், வத்தாது" என்றாள் மேவிஸ். "உங்களுக்கு ஜாக்கெட் வேணுமா, மைலேஜ் வேணுமா?"

ஆர்லன் பரங்கியைப் பார்த்தார். ட்ரெய்லரைப் பார்த்தார். மறுபடி பரங்கியைப் பார்த்தார்.

"இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே!" என்று லைல் கத்தினான். "டிராக்டர் தாங்காது, சீக்கிரம் சொல்லுங்க!"

"ஜாக்கெட்" என்றார் ஆர்லன், அரை மனதாக.

ஆனால் ட்ரெய்லரை விட்டுவர அவர் சம்மதிக்கவில்லை. முன்னால் லைலின் வைக்கோல் வண்டியில் இரண்டு பரங்கிகள் ஈர ஜமக்காளத்துக்குள் பவனி போயின. பின்னால் ஆர்லன், வால் வைத்த ட்ரெய்லரோடு. ட்ரெய்லருக்குள் ஒரு சட்டி ஹாட்டிஷ் மட்டும் இருந்தது. வழி நெடுகக் காட்டு காட்டென்று காட்டிய மைலேஜை அவர் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். மேவிஸ் பின்னலை நிறுத்தாமல் "அப்படியா, அப்படியா" என்றாள்.

க்ளியர் ஃபோர்க் மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. லைலின் பரங்கி தராசில் ஏறியதும் கைதட்டல். இந்த வருஷமும் அவன்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கடைசியாக ஆர்லனுடையதை ஏற்றினார்கள். எண்கள் ஓடின. லைலைத் தாண்டின. இன்னும் ஓடின. ஆயிரத்து எழுநூறு பவுண்டுக்கு மேலே போய் நின்றன.

லைல் கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்தான். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆர்லனின் கையைக் குலுக்கினான்.

"வெடிக்கலையே மச்சான்! என்ன செஞ்சீங்க?"

அதையேதான் மைக் பிடித்தவரும் கேட்டார். புது ஜாக்கெட்டும், மேவிஸ் பின்னிய ஆரஞ்சுக் குல்லாவுமாக மேடையில் நின்ற ஆர்லன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாத்துக்கும் காரணம் கவனம்தான். மூணு மாசமா எனக்கு வேற நினைப்பே கிடையாது. முதல்ல ட்ரெய்லரோட உயரத்தை எடுத்துக்கங்க..."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அவர் கூர்மூக்குக்கு வந்தபோது பாதிப் பேர் தின்பண்டக் கடைப் பக்கம் நகர்ந்திருந்தார்கள்.

மைதானத்து ஓரத்தில் மேவிஸ் ஹாட்டிஷ் சட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்காட்சிக்கு நாலு ட்ரெய்லர்களோடு வந்திருந்த டுவேன் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நீங்க சொன்னபடி மூணு மாசம் அவரைத் தோட்டத்துப் பக்கமே போகவிடாம பாத்துக்கிட்டேன். அடுத்த வருஷத்துக்கு என்ன, படகுக் கடைக்காரன்கிட்ட சொல்லி வைக்கட்டுமா?"