பாலத்துக்கு முன்னால் ஒரு கொக்கி

அறிவாளிகளால் இந்த உலகத்துக்கு வந்த தொல்லைகள் ஏராளம். அதில் என்னுடைய பங்கு ஒரே ஒரு கொக்கி. அதை இங்கே ஒளிவுமறைவில்லாமல் பதிவு செய்கிறேன்.

நகர அலுவலகத்தில் நான் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்தன்தான், கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மேசை. என் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடுகிறது. அதன் மேல் இருந்த சின்னப் பாலம் ஏழு மாதத்துக்கு முன்னால் இடிந்து விழுந்தது. நானும் மனைவியும் எட்டித் தாண்டிவிடுவோம். அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. தெருக்கோடியில் அவருடைய சிநேகிதர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு சவரம், ஒரு மணி நேரம் ஊர் வம்பு, அவ்வளவுதான் அப்பாவின் உலகம். அதுவும் போனபிறகு தாடி வளர்ந்து, பேச்சு குறைந்து, ஜன்னலே கதி என்று உட்கார்ந்துவிட்டார்.

"நீ அந்த ஆபீஸ்லதானேடா வேலை பார்க்கறே?" என்பார் தினமும்.

"புகார் பதிவாகியிருக்குப்பா" என்பேன். பதிவு செய்தவனே நான்தான்.

புகார்களைப் பரிசீலிக்கும் கணினி நிரலை எழுதியவனும் நான்தான். எல்லாரும் எழுதுகிற மொழியில் எழுதினால் என் மேதாவித்தனம் யாருக்குத் தெரியும்? அதனால் திரும்பின பக்கமெல்லாம் அடைப்புக்குறியாக இருக்கும் ஒரு மொழியைத் தேடிப் பிடித்து, அரைகுறையாகப் படித்து எழுதிவைத்தேன். அதில் 'பாலம்' என்று எழுதினால் பெயரோடு நிற்காது. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டு போகும். ஒன்றும் இல்லையென்றால், "இந்தப் பெயருக்கு மதிப்பு எதுவும் இல்லை" என்று சிவப்பு எழுத்தில் கத்தும். இல்லாத பாலம், எரியாத விளக்கு, வராத குழாய் என்று தினமும் காலையில் நிர்வாக அதிகாரியின் திரை முழுக்கச் சிவப்பு.

"என்னய்யா இது? மேலிடத்துல பார்த்தா என் மானம் கப்பலேறிடும்" என்றார் அவர்.

மூன்று நாள் கையேட்டைப் புரட்டினேன். நாலாவது நாள் ஞானம் பிறந்தது. ஓடிப்போய் அவரிடம் விளக்கினேன்.

"சார், இந்த மொழியில எண் ஒரு ரகம், வாசகம் ஒரு ரகம். அதே மாதிரி பெயரும் தனியா ஒரு ரகம். சிம்பல்னு சொல்வாங்க. பெயருக்கு முன்னால மேற்கோள் குறி மாதிரி சின்னதா ஒரு கொக்கி போட்டுட்டா, பின்னால என்ன இருக்குன்னு போய்ப் பார்க்காது. பெயரையே பொருளா எடுத்துக்கும். ஒரே பெயர் எத்தனை இடத்துல வந்தாலும் ஒரே பொருள்தான்."

"பின்னால ஒண்ணுமே இல்லைன்னா?"

"அதைப் பத்திக் கவலையே படாது சார்."

"அப்போ பாலம் இருக்குன்னு அர்த்தமா?"

"பாலம்ங்கிற பெயர் இருக்கு சார். முழுசா இருக்கு."

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "முப்பது வருஷமா நாங்க கையால பண்ணிக்கிட்டிருந்ததை இந்த மெஷின் தானாவே பண்ணுதா?"

அன்று மாலைக்குள் எல்லாப் பெயருக்கும் கொக்கி போட்டேன். மறுநாள் திரையில் பொட்டுச் சிவப்பு இல்லை. எங்கள் வீட்டுப் பாலம் உட்பட நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள் பொதுமக்கள் நலன் கருதி முடித்துவைக்கப்பட்டன. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பிறகு கொக்கி ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் பலரும் 'வந்தார்' என்பதற்கு முன்னால் ஒரு கொக்கி போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். அதிகாரியின் அறைப் பெயர்ப்பலகையிலும் கொக்கி ஏறியது. அதற்கப்புறம் அந்த அறையில் பலகை மட்டும்தான் இருந்தது. தட்டச்சு செய்யும் அம்மாள் கொக்கி வடிவத்தில் கம்மல் செய்து போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு 'பால அதிகாரி' என்று பதவி உயர்வு. உத்தரவில் பதவிக்கு முன்னாலும் கொக்கி இருந்தது. எனக்குத்தான் தலைகால் புரியவில்லையே, அதையெல்லாம் எங்கே பார்த்தேன்?

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி காலி டம்ளரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"கொக்கி போட்ட காப்பி. ஆறிடப் போகுது, குடிங்க."

அசடு வழிந்தேன்.

"இன்னிக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து கணக்கெடுக்க ஒருத்தர் வந்தாரு. பாலத்தைத் தினமும் எத்தனை தடவை கடக்கறீங்கன்னு மாமாகிட்ட கேட்டாரு."

"அப்பா என்ன சொன்னார்?"

"என்ன சொல்வாரு? அந்த ஆளு சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்னு கத்தித்தான் கேட்டாரு."

அப்பா ஜன்னலோரத்தில் கேட்டும் கேட்காதது போல் இருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடித்த பலகைகள் வாங்கிவந்து சாக்கடை மேல் போட்டேன். இது ஏழு மாதமாக ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். நான்தான் புகார் பதிவு செய்திருந்தேனே!

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துத் தாண்டினார். மதியம் மழமழவென்ற கன்னத்தோடு திரும்பி வந்தார். ஏழு மாத வம்பையும் ஒரே மூச்சில் சொன்னார். சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை அதிகாரி அதிசயமாக அறைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். கணக்கெடுப்பவர் காலையில் மறுபடி எங்கள் தெருவுக்கு வந்து, பலகையைப் பார்த்துவிட்டு எழுதி அனுப்பியிருந்தார்.

"ஒரே பெயர் எத்தனை இடத்துல வந்தாலும் ஒரே பொருள்தான், அதான் சிம்பலோட விசேஷம்னு நீதானேய்யா சொன்னே?"

"ஆமா சார்."

"ஏற்கெனவே பாலம் இருக்கிற இடத்துல இன்னொரு பாலம் எப்படி வரும்? அப்போ இது ஆக்கிரமிப்பு. அகற்றச் சொல்லி பால அதிகாரி கையெழுத்துப் போடணும்."

"சார், அது எங்க வீடு. எங்கப்பா..."

"பலகையை விட்டுவைக்கணும்னா பாலம் இல்லைன்னு எழுதணும். ஒரு கொக்கியை எடுத்தா நானூத்திப் பன்னிரண்டையும் எடுக்கச் சொல்வாங்க. நிரல் எழுதினவன் யாருன்னும் கேப்பாங்க. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்கு முன்னால் கமுக்கமாக ஒரு கொக்கியும் போட்டேன், உத்தரவு பெயரளவில் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில். ஆனால் உத்தரவில் 'பலகை' என்ற சொல்லுக்கு முன்னால் கொக்கி இல்லை. அகற்றும் விஷயத்தில் மட்டும் எங்கள் அலுவலகம் நேரில் போய்ப் பார்த்துவிடும். மத்தியானமே இரண்டு பேர் வந்து, என் கையெழுத்தை அப்பாவிடம் காட்டிவிட்டுப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் நான் சாக்கடையைத் தாண்டிக் குதித்து உள்ளே போனேன். அப்பா மடியில் குடும்ப அட்டை, கையில் பென்சில்.

"அந்தக் கொக்கி எந்தப் பக்கம்டா வளையும்?"

விரலால் காற்றில் போட்டுக் காட்டினேன். அப்பா நிதானமாக எழுதிவிட்டு அட்டையை என்னிடம் நீட்டினார். உறுப்பினர் பட்டியலில், 'மகன்' என்பதற்கு முன்னால் அழுத்தமாக ஒரு கொக்கி இருந்தது.

"சரியாப் போட்டிருக்கேனா?" என்றார்.

கொக்கி சரியாகத்தான் இருந்தது.