கட்டைக்குழல் அண்ணனின் லைசென்ஸ்

யாங்கோனில் சட்டத்தை மதித்த கடைசி ஆள் யார் என்று கேட்டால், நான் யோசிக்காமல் கட்டைக்குழல் அண்ணனைத்தான் காட்டுவேன். மற்றவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். மீதிப்பேர் அரசாங்க ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

போட்டாதாங்கில், படகுத்துறைக்கு எதிரே உள்ள அரிசிக் கிடங்கில் நான் ரைட்டர், அவர் பகல் காவல். ஒல்லியான மனிதர். பர்மியக் கைலியான லோஞ்சியைத் தார்பாய்ச்சிக் கட்டியிருப்பார். தோளில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி தொங்கும். அதன் குழல், மற்ற துப்பாக்கிகளின் குழலில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

அது முதலில் முழு நீளத் துப்பாக்கிதான். அண்ணன் முன்பு வேலை பார்த்த இன்சீன் மரம் அறுக்கும் மில் முதலாளியுடையது. ஒரு மழைக்காலத்தில், குழல் வாயில் சேறு அடைத்திருப்பதைப் பார்க்காமல் முதலாளி வாத்து சுட்டார். வாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. குழலின் முனைதான் வாழைப்பூ மாதிரி விரிந்துகொண்டது. முனையை அறுக்க மனுப் போட்டு, அனுமதி வாங்கி, அறுத்து, மிச்ச நீளத்தை ஆபீசில் டேப் வைத்து அளந்து, லைசென்சில் எழுதி முத்திரை குத்தினார்கள். மிரண்டுபோன முதலாளி துப்பாக்கியையும் லைசென்சையும் அண்ணன் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு முதலாளியின் கையெழுத்து போதும்.

கட்டைக் குழலின் பெருமையைக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் அண்ணனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"ரைட்டர் தம்பி, மூட்டைக்கு நடுவுல இந்தச் சந்தப் பாரு. நீட்டுக்குழல் வச்சிருக்கவன் இதுக்குள்ள திரும்புறதுக்குள்ள திருடன் மூட்டையோட சாம்பான் ஏறி அக்கரை போயிருவான். இது பாரு, சட்டுனு திரும்பும். சோறு திங்கும்போது மடியிலயே கெடக்கும். படகுல போனா அடுத்தவன் மூக்குல இடிக்காது. குடை மாட்டுற ஆணியில மாட்டிக்கலாம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் அறுத்தா இன்னும் வசதிதானே அண்ணே?"

"வாயக் கழுவு! அரை இஞ்சு கொறைஞ்சாலும் உள்ள தூக்கி வச்சிருவான். எழுதின நீளம் எழுதின நீளந்தான்."

அந்த எழுதின நீளத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையைச் சொல்லி மாளாது. இந்தக் கிடங்கிலேயே அரசாங்கம் முத்திரை குத்திய அளவு அது ஒன்றுதான் என்பார். தார்ப்பாய் வந்தால் குழலை வைத்து அளப்பார். விறால் மீன் வந்தாலும் அளப்பார். ஒருமுறை பலகை நீளத்தில் இரண்டு வியாபாரிகளுக்குள் தகராறு வந்து அடிதடி வரை போனது. அண்ணன் நடுவில் புகுந்து பலகை மேல் துப்பாக்கியை வைத்தார். அளப்பதற்காகத்தான் வைத்தார். இரண்டு பேரும் உடனே சமாதானமாகிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்து அவர் சுட்டது ஒரே ஒரு தடவை. பட்டப்பகலில், கூரையில் உட்கார்ந்து மூட்டை மேல் எச்சம் போட்ட புறாவைச் சுட்டார். புறா பறந்துவிட்டது. தகரத்தில் பிச்சைக்காரன் சட்டை மாதிரி ஓட்டைகள். "கட்டைக்குழல்ல குண்டு நல்லா பரவும் தம்பி, அதுதான் அதோட குணம்" என்று அதற்கும் ஒரு பெருமை பேசினார். அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் ஒழுகலுக்கு வாளி வைத்துப் பிடித்து வெளியே ஊற்றினோம்.

இத்தனை கூத்துக்கும் பின்னால் இருந்த காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அண்ணனிடம் குடியுரிமை அட்டை கிடையாது. அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா பிறந்தது இங்கே, அவர் பிறந்ததும் இங்கே. தாத்தா வந்ததற்குக் காகிதம் கொண்டுவா என்கிறார்கள். மூட்டை தூக்கியவருக்கு எவன் காகிதம் கொடுத்தான்? முப்பது வருஷமாக அவர் மனு 'விசாரணையில்' இருக்கிறது. அவர் பெயரும், தகப்பனார் பெயரும், முகமும் உள்ள ஒரே அரசாங்கக் காகிதம் அந்தத் துப்பாக்கி லைசென்ஸ்தான். துப்பாக்கி இந்த நாட்டுப் பிரஜை; அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள்.

அதனால் எங்கே அட்டை கேட்டாலும் லைசென்சை நீட்டுவார். சிம் கார்டு கடையில் அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊலே, இது துப்பாக்கியோடதுல்ல?" என்றாள். வயசில் பெரியவரை இங்கே 'ஊலே', அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நல்லாப் பாரும்மா. ஒட்டியிருக்கறது துப்பாக்கி மூஞ்சியா, என் மூஞ்சியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிம்மும் வந்துவிட்டது.

வினை வந்தது லைசென்சைப் புதுப்பிக்கப் போனபோது. பர்மியப் படிவம் அவருக்கு ஓடாது என்பதால் நானும் கூடப் போனேன். போனவன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டாமா? வெற்றிலை வாங்க வெளியே போனேன். அதற்குள் மேஜைக்கார அம்மா அவரைக் கூப்பிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், "ப்யௌங் பிலா?" என்று கேட்டிருக்கிறாள். குடிமாறியாச்சா என்று கேள்வி. ஆனால் பர்மியத்தில் துப்பாக்கிக் குழலுக்கும் ப்யௌங்தான் பெயர்; 'பிலா' என்றால் ஆச்சா. தன் வாழ்நாளில் அந்த ஆபீசில் குழலைத் தவிர வேறெதையும் யாரும் விசாரித்ததில்லை என்ற நினைப்பில், குழலை அறுத்தாச்சா என்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டார்.

"ஆமா சயாமா! அதெல்லாம் இன்சீன்லயே முடிஞ்சு போச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார்.

அவர் சயாமா என்று மரியாதையாகக் கூப்பிட்ட அந்த அம்மா 'இன்சீனுக்குக் குடிமாறினார்' என்று எழுதி, ஃபைலை இன்சீனுக்கு அனுப்பிவிட்டாள். இன்சீனில் கேட்டால் வரவில்லை என்றார்கள். இங்கே கேட்டால் அனுப்பியாச்சு என்றார்கள். ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் நானும் அவரும் போய்ப்போய் வந்ததில் டீ விற்கிறவன் எங்களுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான். ஃபைல் மட்டும் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் எங்கள் வட்டாரத்தில் ஒலிபெருக்கி கட்டி, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவற்றை வைத்திருப்பவர்களிடம் போய்க் கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

"அண்ணே, உங்க ஃபைலே காணோம். பேசாம இருங்க. குடுத்தீங்கன்னா அந்தக் காகிதமும் போயிரும்" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஃபைல் போனா லைசென்சும் போச்சா? கையில இருக்கே! லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்கு? கேட்டா ஒப்படைக்கணும். கேட்டுட்டான்ல?"

கரண்ட் இல்லாத ஆபீசில், அதே அம்மா யாருடைய ஃபைலாலோ விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியை வாங்கி டேப் வைத்து அளந்தாள். எழுதின நீளம் மயிரிழை பிசகாமல் இருந்தது. அண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தார். லைசென்சையும் வாங்கி ஊசியில் குத்திக் கோர்த்தாள். பிறகு ரசீது எழுதினாள். நம்பர், ஒற்றைக் குழல், தேக்குக் கட்டை, நீளம் எல்லாம் எழுதினாள்.

"சொந்தக்காரர் அட்டை நம்பர்?"

"அதான் நம்ம அட்டை" என்று ஊசியில் தொங்கிய லைசென்சைக் காட்டினார்.

"அது துப்பாக்கியோடது. பதிவேட்டுலயும் உங்க பேரு இல்ல, ஊலே. ஃபைல் இன்சீன் போயிருச்சே."

சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

அண்ணன் அந்த ரசீதை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சயாமா, கோடு இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு மேல சின்னதா ஒரு பேரு எழுதலாமா?" என்று கேட்டார்.

"எழுதக்கூடாது, ஊலே."

இப்போது அண்ணன் தெருமுனை தாண்டுவதில்லை. வழியில் நிறுத்தி அட்டை கேட்கிறார்கள், காட்ட ஒன்றுமில்லை. கிடங்கிலேயே சமைத்து, கிடங்கிலேயே படுத்துக்கொள்கிறார். நான் அன்றைக்கு வெற்றிலை வாங்கப் போகாமல் இருந்திருக்கலாம். இதை நான் சொன்னால் அவர் "விடு தம்பி" என்பார். என்னால் விட முடியவில்லை.

அந்த அம்மா எழுதக்கூடாது என்றதை நானாவது எழுதிவிடுகிறேன். பெயர், சின்னமருதன். தகப்பனார் பெயர், அங்கமுத்து. பிறந்த ஊர், இதே ஊர். எனக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. இவர்தான் என் அண்ணன்.