தேர் நுழையாத கோட்டை

அச்சகத்தில் பிழை திருத்துகிறவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு வைராக்கியம் பிறந்தது. சரித்திர நாவல் எழுதியே தீருவது!

ஊரார் எழுதியதைத் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போனது என்பது அவர் வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. கல்யாணமான நாளிலிருந்து மனைவியோடு போட்ட சண்டை ஒன்றில்கூட அவர் ஜெயித்ததில்லை. மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தில், புகார்ப் பிரிவில் வேலை. கத்திக்கொண்டு வருகிறவர்களை மன்னிப்புக் கேட்கவைத்து அனுப்புகிற வாய். வீட்டில் தோற்றதையெல்லாம் சரித்திரத்தில் ஜெயித்துவிடலாம் என்று முடிவு கட்டினார். மாமன்னன் அவரேதான். எதிரி நாட்டு ராணி யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் அத்தியாயத்துக்கு அலமாரிச் சண்டையை எடுத்துக்கொண்டார். புதுக்குடித்தனம் வந்தபோது ஆசை ஆசையாக அவர் செய்யச் சொன்ன அலமாரி, படுக்கையறைக் கதவுக்குள் நுழையாமல் கூடத்திலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. நாவலில் அது தேராகி, எதிரியின் கோட்டை வாசலில் சிக்கிக்கொண்டது. "வாசல் கட்டியவன் மூடன்!" என்று மன்னன் கர்ஜித்தான். ராணி வாயடைத்து நின்றாள்.

படித்துக் காட்ட வீட்டில் வேறு ஆள் கிடையாது. மனைவி பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ராணி சும்மாவா நின்னா?"

"பின்னே? ராஜா கர்ஜிக்கிறார்ல?"

"'வாசலை அளந்து தேர் செய்யத் தெரியாதவனா என் நாட்டை ஆளப் போறான்?'னு கேட்டிருப்பாளே!"

அவருக்குப் பகீரென்றது. கண்டுபிடித்துவிட்டாளா? அவள் முகத்தில் பூண்டைப் பற்றிய கவலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வரி பிரமாதம். காலமெல்லாம் சொத்தை வரிகளை அடித்துப் பழகிய பேனாவுக்கு நல்ல வரியை விட மனசு வருமா? எழுதிக்கொண்டார்.

அதோடு விட்டதா? தப்பான ரயிலில் ஏறி உட்கார்ந்த சண்டை, மன்னன் திசை தவறிப் படையெடுத்த கதையாயிற்று. தன் அக்காவை ஒரு மாதம் தங்க அழைத்துவிட்டு வீட்டில் சொல்ல மறந்தது, முற்றுகையாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ராணி என்ன சொல்லியிருப்பாள் என்று மனைவி சொல்லச் சொல்ல, மன்னன் பின்வாங்கிக்கொண்டே போனான்.

கடைசி அத்தியாயத்திலாவது ராணியைச் சரணடைய வைத்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரணடையட்டும், எனக்கென்ன? சாவிக்கொத்தைக் குடுத்துடுவா. தானியக் கிடங்கு எந்தப் பக்கம்னு ராஜாவுக்குத் தெரியுமா?"

"மந்திரியைக் கேட்டுக்குவார்."

"மந்திரி யாரைக் கேப்பான்? ராணியைத்தானே?"

மன்னன் வாளைக் கீழே வைத்தான்.

முழுசாகத் திரும்பப் படித்தபோது பிழை திருத்துகிறவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அருமையாக வந்திருந்தது. தோற்றது நினைவே இல்லை. பெருமையில் நெஞ்சு விம்மியது.

பதிப்பகத்துக்கு அனுப்பிவைத்த அடுத்த மாதமே பதிப்பாளரிடமிருந்து போன். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், புத்தகமாப் போட்டுடறோம். அந்த ராணி இருக்காளே, அப்படியே உயிரோட எதிர்ல வந்து நிக்கறா! எங்க சார் பிடிச்சீங்க?"

"எல்லாம் கற்பனைதான்," என்றார் அவர், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"ராஜாதான் கொஞ்சம் இடிக்குது சார். இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டும் ஒரு வார்த்தை பதில் பேச வராத ஆம்பளை உலகத்துல உண்டா? யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள்:

"நம்ம வீட்டு விலாசத்தைக் குடுங்க. வந்து பாத்துக்கட்டும்."