இருபத்துநாலில் ஒரு பங்கு நசுங்கல்

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பது உலக வழக்கம். பம்பரைப் பார்த்து அடையாளம் கண்ட ஒரே மனிதர் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தார். என் அப்பா நேரில் வந்தால் யாரென்று யோசிப்பார்; அப்பாவின் கார் கடந்து போனதும் அதன் பின்புறத்துக்கு வணக்கம் வைப்பார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பம்பர் சார்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் வெர்னியர் காலிப்பரோடு ஏதாவது ஒரு காரின் பின்னால் குந்திக்கொள்வார். அளப்பார். முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். யாராவது வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் நடிப்பார். செருப்பு போடாத நாளிலும் அதே நடிப்புதான்.

"பாத்துக்கோடி, கார் திருடுற கும்பலுக்கு அளவெடுத்துக் குடுக்குறாரு," என்றார் எதிர்வீட்டு மேரி அக்கா.

"பம்பரையா அக்கா திருடுவாங்க?"

"மொதல்ல பம்பரு. அப்புறம் மிச்சம்."

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவதில்லை என்பதால் ஆதாரங்களைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். அவர் ஜன்னலில் எப்போதும் பெயிண்ட் தின்னர் வாடை. வீடு வீடாகக் காலி மாத்திரை அட்டை கேட்கிறார். கல்யாணமாகாத மனிதர், மேரி அக்காவிடம் வெள்ளி நிற நெயில் பாலிஷ் கேட்டிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் காரை முன்னுக்கு எடுத்துக் கழுவியபோது, பின் பம்பரில் ஒரு நசுங்கலை அம்மா கண்டுபிடித்தார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் என்னைப் பார்த்தார். பங்குனியில்தான் எல்.எல்.ஆர். வாங்கி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். "ரிவர்ஸ்ல இடிச்சுட்டு வாயே தொறக்கல பாரு," என்றார். சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. லைசென்ஸ் டெஸ்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது. எனக்குக் கிடைக்க இருந்த சைட் வேலைக்குக் கார் ஓட்டத் தெரிந்த ஆள்தான் வேண்டுமென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

பட்டியலின் கடைசியில் 'இடித்தது பம்பர் சார்' என்று எழுதிவிட்டு, நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

"யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. எங்க காரை என்ன சார் பண்ணீங்க?"

"பை கிய் எடுத்துகினு வந்திருக்கியா? கைய காட்டு."

காட்டினேன். உள்ளே விட்டார்.

மேசையில் நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், சாண் நீளத்தில் நாற்பது கார்கள் இருந்தன. எல்லாம் பெட்டியில் உதிரியாக வரும் பிளாஸ்டிக்கை ஒட்டிச் செய்கிற மாடல்கள். கூடவே வரும் பம்பரை வெட்டியெறிந்துவிட்டு, பிளாஸ்டிக் பட்டையை மெழுகுவத்தியில் காட்டி வளைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் குரோமாக ஒட்டி, விளிம்புக்கு நெயில் பாலிஷ் தடவி, தாமே பம்பர் செய்திருந்தார். உடம்பு எந்த நாட்டுக் காரோ, பம்பர் எங்கள் தெரு. பன்னிரண்டு சென்டிமீட்டர் கீறல் அங்கே அரை சென்டிமீட்டர்.

"கம்பெனி பம்பரு மொழுமொழுன்னு கீது. அப்படி ஒரு காரு நம்ம பிளாக்குல ஏதும்மா?"

சிவப்பு ஜெர்மன் பந்தயக் கார் ஒன்றின் பின்னால் அப்பாவின் நசுங்கல் இருந்தது. வேலையிடத்தில் எந்திரத்துக்கு எந்திரம் அட்டை கட்டும் பழக்கத்தில், இங்கும் ஒவ்வொரு காருக்கும் அட்டை கட்டியிருந்தார். நாள்: போகி. சேதம்: பின் பம்பர், இடது மூலை. காரணம்: உரிமையாளர், ரிவர்ஸ், தண்ணீர்த் தொட்டி.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. அப்பாகிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

"எடுத்துகினு போயி அட்டைய மாத்திட்டீன்னா? அவரை இங்க வரச் சொல்லு."

அப்பா வந்தார், அம்மாவும் வந்தார். அட்டையைப் படித்ததும் அப்பா சிரித்தார். "பொம்மைய வச்சு என்னங்க ஆதாரம்?"

"எறங்குனீங்க. சுத்துமுத்தும் பாத்தீங்க. கைக்குட்டைய எச்சில்ல நனைச்சுத் தொடைச்சீங்க. போவலன்னதும் தொட்டிய ஒரு ஒதை ஒதைச்சீங்க."

"ஓஹோ, அதான் பொங்கல்லேருந்து பின்பக்கத்த செவுத்தோட ஒட்டி நிறுத்துறீங்களா?" என்றார் அம்மா.

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். டெஸ்டில் தேறினேன். வேலையும் கிடைத்தது.

பம்பர் சார் ஓய்வுபெற்றுக் குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பிய மாதம் நான் சொந்தமாகக் கார் வாங்கினேன். வந்து மூன்று முறை சுற்றிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை, உதட்டைப் பிதுக்கினார். யாருக்கும் போன் நம்பர் தராத மனிதர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு வெற்று அட்டையில் நம்பரை எழுதிக் கொடுத்தார். "இடிச்சா சொல்லும்மா."

இரண்டு வருடமாகிறது. பம்பர் இன்னும் மொழுமொழுவென்றுதான் இருக்கிறது. சில நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில் அந்தத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால், பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகத்தான் மிதிக்கிறேன்.