கமாண்ட் அக்காவும் ஒரு தற்காலிக ஃபைலும்

மவுசைத் தொடாமலேயே ஒரு கம்பெனியைக் கட்டி மேய்க்கும் ஒரே ஜீவன் இந்தப் பூமண்டலத்தில் எங்கள் கமாண்ட் அக்காதான். நம்பாதவர்கள் சேலையூர் கேம்ப் ரோட்டில், இனிப்புக் கடை மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்து பார்க்கலாம். அக்காவுக்கும் மவுஸ் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் காற்றில் டிஷ்யூ பேப்பர் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைத்திருப்பார்.

எங்களுடையது அடுத்தவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. பாதிப் பேருக்கு வீட்டிலிருந்தே வேலை. வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய விபிஎன் என்ற தனிப்பாதை வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பாதைக்கு ஆளுக்கொரு சாவி உண்டு. சாவி என்றால் ஒரு குட்டி ஃபைல். அதை உண்டாக்குவதும் அழிப்பதும் அக்காவின் ஏகபோகம். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை, பக்கத்தில் ஆளின் பெயர், ஒரு எண்டர், அவ்வளவுதான். நான் ஒரு மெயிலுக்கு வணக்கம் போட்டு நிமிர்வதற்குள் அக்கா நாலு பேரை உள்ளே விட்டு, ரெண்டு பேரை வெளியே தள்ளியிருப்பார்.

ஃபைலை அழிக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் கொஞ்சம் தயங்கி, “நிச்சயமாகவா?” என்று கேட்கும். நாமாக இருந்தால் அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு யோசிப்போம். அக்கா அது கேட்டு முடிப்பதற்குள் பதிலை அடித்துவிடுவார். வேலையை விட்டுப் போகிற ஒருவருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. அவர் கண் கலங்கி, கேக்கில் கத்தி வைப்பதற்குள் அவருடைய ஃபைல் காலியாகிவிட்டது. அக்கா அழித்துவிட்டு வந்து, கேக்கில் பெரிய துண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கள் மேனேஜர் பட்ட பாடு தனிக்கதை. வீட்டிலிருந்து வேலை செய்வதாகச் சொல்லிவிட்டு, நெட் விட்டு விட்டு வருகிறது என்று காலையிலிருந்து ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். நெட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுத் திட்டியும் தீர்த்துவிட்டார். அக்கா திரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

“சார், ஒரே சாவிய ரெண்டு மிஷின்ல போட்டுகினு கீறீங்க. ஒண்ணு உள்ள வந்தா இன்னொண்ண வெளிய தள்ளுது. ஒண்ணு உங்க வூட்டு நெட்டு. இன்னொண்ணு யார் வூட்டு நெட்டு?”

வீட்டுக் கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டுவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமியார் வீட்டு விசேஷத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மேனேஜர், அதன் பிறகு அக்காவை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

எல்லாவற்றையும்விட விசித்திரம் அக்காவின் டெலிவரி முறை. ஃபைலை மெயிலில் அனுப்ப மாட்டார், வாட்ஸப்பிலும் அனுப்ப மாட்டார். பென் டிரைவில் போட்டு, ஆளின் முகத்தைப் பார்த்து, கையில்தான் கொடுப்பார். ஏன் இந்த வம்பு என்று கேட்டதற்கு, “எங்கம்மா யார் கைலயும் மீனு குட்த்தனுப்பாது. வழியில மாறிப்பூடும்” என்றார். அவர் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். அவருடைய அம்மா இன்றும் கூடையோடு வந்து மீன் விற்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா ஐசியூவுக்குள் போனார். நனைந்துபோன என் லேப்டாப் உயிரை விட்டது. அன்று மாலைக்குள் மாதக் கடைசிக் கணக்கை அனுப்பாவிட்டால் மறுநாள் வரவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை போனால் கம்பெனி இன்சூரன்சும் போகும். அப்பாவின் ஆபரேஷன் அந்த இன்சூரன்சை நம்பித்தான் இருந்தது.

என் தங்கையின் லேப்டாப் கைவசம் இருந்தது. என் சாவி செத்துப்போன லேப்டாப்போடு போய்விட்டதால், இதற்கொரு தற்காலிக ஃபைல் வேண்டும். அக்காவுக்கு ஃபோன் போட்டு, இந்த ஒரு தடவை மட்டும் மெயிலில் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன்.

“மெயில்லலாம் வராது. எந்த ஆஸ்பத்திரி?”

சொன்னேன். ஃபோன் கட்டாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தித் திட்டினேன்.

மூன்றாவது தலைமுறையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஐசியூ வாசலில் அக்கா வந்து நின்றார். ஜிஎஸ்டி ரோட்டில் முட்டளவு தண்ணீர். அதில் ஸ்கூட்டியைப் பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் வந்திருக்கிறார். தன் லேப்டாப்பை அம்மாவின் மீன் கவரில் சுற்றியிருந்தார். அதைப் பிரித்ததும் வராந்தாவே மணத்தது. செக்யூரிட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, திரையைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய டாக்டர் போலிருக்கிறது என்று திரும்பிப் போனார்.

தன் ஃபோனிலிருந்தே நெட் எடுத்து, ஒரு வரி அடித்து, பென் டிரைவை என் கையில் வைத்தார். “உள்ள வந்துட்ட. வேலையப் பாரு” என்றார். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டார். கணக்கு மாலைக்குள் போய்ச் சேர்ந்தது. வேலையும் தப்பியது, இன்சூரன்சும் தப்பியது.

மறுநாளிலிருந்து தினமும் அக்காவிடமிருந்து ஃபோன் வரும். ஒரே கேள்விதான்.

“அந்த டெம்ப்ரவரி ஃபைலு இன்னும் வேணுமா?”

“வேணும்க்கா. அப்பா இன்னும் ஐசியூலதான் இருக்கார்.”

“செரி.”

ஒரு ஃபைலை அழிக்க இந்த மனுஷிக்கு இப்படியா கை துறுதுறுக்கும் என்று எரிச்சலாக இருந்தது. ஆபரேஷன் முடிந்த அன்றும் அதே எரிச்சலோடுதான் பேசிவிட்டு ஃபோனை வைத்தேன். பக்கத்திலிருந்த தங்கை, “யாருண்ணா அது, நம்ம சொந்தக்காரங்களே மறந்துட்டாங்க, தினமும் அப்பாவை விசாரிக்கிறது?” என்றாள். அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது.

அப்பா வீடு திரும்பி, நாற்காலியில் சாய்ந்து, காபி குடித்து முடித்ததும் முதல் ஃபோன் அக்காவுக்குத்தான் போட்டேன். “அக்கா, அப்பா வந்துட்டார். ஃபைல் இனிமே வேணாம், அழிச்சிடுங்க” என்றேன்.

“அப்பாகிட்ட குடு” என்றார். அடுத்தவர் கை வழியாக எதையும் வாங்குகிற வழக்கம் அவருக்குத்தான் கிடையாதே.

அப்பா பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. ஆமாம்மா என்றார். வந்துட்டேம்மா என்றார். வலியெல்லாம் இல்லம்மா என்றார். கடைசியாக, எதற்கென்றே தெரியாமல், சரிம்மா, அழிச்சிடு என்றார்.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் குழப்பமாகப் பார்த்தார்.

“எதையோ அழிக்கணுமாம். நிச்சயமா வந்துட்டீங்களா, நிச்சயமா வந்துட்டீங்களான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. அப்புறம் ஏன்டா அழுவுது அந்தப் பொண்ணு?”

அவங்க எதையும் நேர்ல கேட்டாத்தான் நம்புவாங்கப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் காலி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.